நேர்த்தி என்று சொல்லி நடந்தது

எனக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ. அதை நாலு மாதத்தில் எண்பதாக்கிக்கொண்டு வரச் சொன்னார் கண்டி டொக்டர். அவருக்கு முன்னால் நான் இருந்த கதிரையின் கைகள் இரண்டும் என் இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்தன. எழும்பினால் கதிரையும் கூட வருமோ என்ற பயத்திலேயே அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நேர்ஸ் தமிழில் சொன்னாள். இரத்த வகை பொருந்துகிறது. நிறை குறைந்தால் மற்றச் சோதனைகளையும் செய்து பார்க்கலாம். எல்லாம் சரியாக வந்தால் உங்கள் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்கு வைக்கலாம். குறையாவிட்டால் ஏலாது. இவ்வளவு நிறையோடு இருக்கிற ஆளிடம் ஒன்றை எடுத்தால், பிறகு அந்த ஆளும் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் வந்து படுக்க வேண்டியதுதான்.

எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். நடவுங்கள் என்றார். முதல் கிழமை பதினைந்து நிமிடம், பிறகு கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும். சீனியையும் பேக்கரிப் பாணையும் விட வேண்டும். எவ்வளவு வேகமாக என்று கேட்டதற்கு, நடக்கும்போது கதைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பாடக்கூடியதாக இருந்தால் வேகம் போதாது என்றார். பாட்டு எனக்கு எப்படியும் வராது. கதை நன்றாக வரும். ஆனால் எங்கள் ஊரில் கதைக்கக்கூடிய வேகத்தில் ஒரு பொம்பிளை தெருவில் நடந்தால் ஊர் அவளைக் கதைக்க வைத்தே தீரும் என்பது கண்டியில் இருக்கிற மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இருபத்துநாலு வருடமாகத் தட்டெழுதுகிறேன். காணி உறுதி, அற்றோணிப் பத்திரம், சத்தியக் கடதாசி என்று மற்றவர்களின் காணி பூமியெல்லாம் என் விரல்கள் வழியாகக் கைமாறியிருக்கின்றன. விரல்கள் மட்டும்தான் என்னில் தேகப்பயிற்சி செய்த பாகம். காலையில் வீட்டு வாசலில் ஓட்டோவில் ஏறினால் கந்தோர் வாசலில் இறங்குவேன். மத்தியானச் சாப்பாடு மேசைக்கு வரும். கலியாணம் கட்டாதவள், வயது ஐம்பதுக்குக் கிட்ட, சாப்பிடுவதைத் தவிர வேறு செலவு இல்லாதவள். என்னைப் பற்றி ஊரில் சொல்ல ஏதாவது இருந்தது என்றால் அது என் உடம்புதான், அதை ஊர் குறைவில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாக இருந்தவன். உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரே வளவுக்குள் அவனும் அவன் பெண்சாதி மச்சாளும் முன்வீட்டில், நான் பின்வீட்டில். இரண்டு சிறுநீரகமும் பழுதென்று தெரியவந்தபோது அவை ஏற்கெனவே முடிந்துபோயிருந்தன. அதன்பிறகு கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுத்தான். மெஷினால் வந்த அன்று சாம்பல் நிறத்தில் இருப்பான். அடுத்த நாள் கொஞ்சம் மனுசனாவான், அதற்கடுத்த நாள் கால் வீங்கத் தொடங்கும். குடிக்கிற தண்ணீரை மச்சாள் ஒரு போத்தலில் அளந்து வைப்பாள், அதற்கு மேல் ஒரு மிடறும் கிடையாது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு தாகத்தில் காய்கிறேன் என்று அவன் பகிடி விடுவான், நாங்கள் சிரித்துக் கொடுப்போம்.

நான் கண்டிக்குப் போனது அவனுக்குத் தெரியாது. காரணம் இருந்தது. முதலில் மச்சாள்தான் கொடுப்பதாக இருந்தாள். சோதனை முடிவு வரும் மூன்று கிழமையும் தம்பி பழைய ஆளாகிவிட்டான். திரும்ப வேலைக்குப் போவதைப் பற்றிக் கதைத்தான், தம்பலகாமத்தில் கூட்டாளி ஒருவனோடு வயல் செய்வதைப் பற்றிக் கதைத்தான். பிறகு பொருந்தாது என்று முடிவு வந்தது. எட்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தான். அதில் ஒருநாள் மெஷினுக்கும் போக மாட்டேன் என்று மறுத்து, மூச்சு முட்டி, தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து மச்சாளும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி என்ன முயற்சி செய்தாலும் சரியென்று டொக்டர் வாயால் வரும்வரை அவனுக்குச் சொல்வதில்லை. அவனுக்குச் சொல்வதில்லை என்றால் ஊருக்கும் சொல்ல முடியாது, எங்கள் ஊரில் ஒருவருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி.

வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். முதல் நாள் விடிந்ததும் ஒழுங்கையால் இறங்கி வீதிக்கு வந்தேன். குப்பைத் தொட்டியடியில் கடதாசி தின்றுகொண்டிருந்த மான்கள் இரண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடதாசியைத் தின்றன. நாலாவது மின்கம்பத்தில் மூச்சு வாங்கியது. ஆறாவதில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. எட்டாவதில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம் போயிருந்தது. உள்தொடை இரண்டும் உரசி எரிந்தது. கடற்படைப் பெடியள் வரிசையாக என்னைக் கடந்து ஓடினார்கள், ஒருவனுக்கும் மூச்சு வாங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதற்கும் மூச்சு போதவில்லை.

உடம்பு நோவைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி. நடக்கிற ஆளுக்கு எங்கள் ஊரில் போகுமிடம் ஒன்று இருக்க வேண்டும். கடைக்கு, சந்தைக்கு, செத்தவீட்டுக்கு. சும்மா நடக்கிறேன் என்று முதல் நாள் ஒரு ஆளுக்குச் சொன்னேன், அவர் முகத்தில் வந்த கவலையைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. எங்கேயோ போகிறேன் என்று சொன்னால் இன்னொரு கரைச்சல், உடனே ஏறச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள், லொறி, கந்தோருக்கு வருகிற வழக்குக் கட்சிக்காரர்களின் வான், எல்லாம் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மாட்டேன் என்றால் மனத்தாங்கல். இரண்டாம் நாள் மூன்று பேரோடு மனத்தாங்கலாகி, நாலாவது ஆளின் வானில் ஏறிக் கந்தோரடியில் இறங்கி, பூட்டியிருந்த கந்தோருக்கு முன்னால் வெள்ளைச் சப்பாத்தோடு நின்றேன்.

மூன்றாம் நாள் சந்தியில் ஓட்டோ ஓடுகிற கிண்ணியா நானா வந்தார். பத்து வருடமாக என்னைக் கந்தோருக்கு ஏற்றி இறக்கிய முஸ்லிம் மனிதர். என்னை நடக்கக் கண்டதும் பதறிப்போய் ஓட்டோவைக் கொண்டுவந்து மறித்தார். தன்னில் என்ன பிழை என்று கேட்டார். பிழை ஒன்றுமில்லை என்றேன். அப்ப ஏறுங்கோ என்றார். ஏலாது என்றேன். எங்க போறீங்கள் என்றார். எனக்கு வாயில் வந்தது, பாலையூற்று மாதா கோயிலுக்கு என்றேன். அவர் கொஞ்சநேரம் என்னையும் என் சப்பாத்தையும் பார்த்தார்.

“தம்பிக்காக நேத்தி வைச்சு நடக்கிறீங்களோ அக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

அவர் ஓட்டோவை ரிவர்ஸ் எடுத்து எனக்கு வழி விட்டார். சந்தியில் நின்ற மற்ற ஓட்டோக்காரர்களிடம் போய் ஏதோ சொன்னார். அன்றிலிருந்து ஒருவரும் என்னை ஏறச் சொல்லவில்லை. கிண்ணியாவுக்குப் போகிற பஸ் கூட எனக்குப் பக்கத்தில் வந்தால் ஹோர்ன் அடிக்காமல் போனது. ஒரு சொல்லில் இவ்வளவு காரியம் ஆனதை நினைத்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மச்சாளுக்குச் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, பொய்யை மாதா பேரில் சொல்லியிருக்கத் தேவையில்லை என்றாள். வேறு யார் பேரில் சொன்னால் ஊர் வழி விடும் என்று கேட்டேன்.

ஆனால் கோயிலுக்கென்று சொன்னால் கோயிலுக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து கண்டி வீதியால் பாலையூற்றுக்கு எனக்கு அந்த நாளில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. டொக்டர் சொன்ன பதினைந்து நிமிடமெங்கே, இதெங்கே. முதல் கிழமை பாதித் தூரம்கூடப் போகாமல் ஒரு மதகில் இருந்துவிட்டுத் திரும்பினேன். யாரும் கேட்டால் கோயிலால் வருகிறேன் என்றேன். மூன்றாம் கிழமை உண்மையாகவே போய்ச் சேர்ந்தேன். சேர்ந்து, முற்றத்து வாங்கில் இருந்து, சப்பாத்து நாடாவைத் தளர்த்திவிட்டு, மூச்சு வரும்வரை மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செபமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தேவையாயிருந்தது பன்னிரண்டு கிலோ குறைவது, அதைக் கால்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பிறகு பஸ்ஸில் ஏறி வந்து, குளித்து, கந்தோருக்குப் போனேன்.

ஊர் தன்பாட்டில் அதை நம்பி அதற்குரிய மரியாதையைச் செய்தது. வழியில் ஒருத்தி தன் மகளின் பரீட்சைக்காக மெழுகுதிரி தந்துவிட்டாள். இன்னொருத்தி கடலுக்குப் போன புருஷனுக்காகத் தந்தாள். பையில் மெழுகுதிரிகளோடு நடந்தேன், அவற்றை மட்டும் ஒழுங்காகக் கொளுத்தினேன், மற்றவர்களின் காரியத்தில் ஏமாற்று வேண்டாம் என்று. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வரும்போது தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி மறித்தார்கள். நேர்த்திக்காரி என்று சீனியை அள்ளிப் போட்டிருந்தார்கள். ஒன்றிரண்டை மறுத்தேன், நாலைந்தைக் குடித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறை நான் தெருவால் போகும்போது ஆட்கள் என் உடம்பைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்கள். பின்னால் இருந்து யாரும் சிரிக்கவில்லை. சில கிழவர்கள் எழும்பி நின்றார்கள். நிறை குறைக்க நடக்கிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த வயதில் இவவுக்கு என்ன வடிவு வேண்டிக்கிடக்கு என்றிருப்பார்கள். தம்பிக்குத் தெரியக்கூடாது என்பது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

உடம்பும் இறங்கத் தொடங்கியது. மருந்துக்கடை வாசலில் ஒரு தராசு இருக்கிறது, சனிக்கிழமைகளில் அதில் ஏறுவேன். முதல் மாதம் மூன்று கிலோ. கெண்டைக்கால் நோவு போய்விட்டது, தொடை உரசுகிற இடத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசப் பழகிவிட்டேன். பசிதான் பெரிய எதிரி. நடந்துவிட்டு வந்தால் ஒரு பானைப் புட்டும் காணாது போலிருக்கும். மச்சாள் என் தட்டில் மூன்று இடியப்பமும் பருப்பும் வைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்குப் போய்விடுவாள். கந்தோரில் என் பாவாடை இடுப்பில் சுழன்றதைக் கண்டுவிட்டு, என்ன மெலிஞ்சு போனீங்கள், ஏதும் வருத்தமோ என்று கேட்டார்கள். மெலிவு என்றால் எங்களுக்கு வருத்தம்தான். தம்பியின்ர கவலை என்று நானே பதிலும் சொன்னேன். ஆறாம் கிழமை எண்பத்தேழில் நின்றேன். இப்படியே போனால் எண்பதைப் பிடித்துவிடலாம் என்று மச்சாள் கலண்டரில் எழுதிக் கணக்குப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன்.

அந்தக் கிழமைதான் ரீச்சர் வந்தா. எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், பூசைக்கு வராதவர்களின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருக்கிறவர். பாலையூற்றுக் கோயில் முற்றத்தில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்து இருந்தா. தம்பியைப் பற்றி விசாரித்தா, நான் செய்வது பெரிய காரியம் என்றா. பிறகு என் சப்பாத்தைக் குனிந்து பார்த்தா. தான் ஒன்றும் சொல்ல வரவில்லை, ஆனால் சனம் கதைக்கிறது, சப்பாத்துப் போட்டு நடந்தால் அது நேர்த்தியோ, உலாத்தலோ என்று கேட்கிறார்கள் என்றா. சொல்லும்போது குரலில் கள்ளமில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்வதாகத்தான் அவ நினைத்தா.

அப்போது ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். காலில் வருத்தம், டொக்டர் போடச் சொன்னவர் என்றிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சிவந்துபோய், குனிந்து, அந்த இடத்திலேயே நாடாவை அவிழ்த்தேன். வெயிலுக்கு முதலே வருவதால் பெரிதாகச் சுடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் முதல் வெறுங்காலோடு நடந்தேன். கண்டி வீதியின் ஓரம் தார் உடைந்து சல்லி பெயர்ந்த இடம் நிறைய. இருபத்துநாலு வருடம் ஓட்டோவில் போய்வந்த பாதம் அது. மூன்றாம் நாள் நடக்கிற வேகம் பாதியாகிவிட்டது, பாடக்கூட ஏலும் போலிருந்தது. மச்சாள் என் காலைக் கண்டுவிட்டுக் கத்தினாள். உங்களுக்கு விசரோ, நீங்கள் நேர்த்திக்கோ நடக்கிறியள் என்று கேட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன்.

அதற்குள் கதை மெஷின் அறைக்கும் போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரர் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் தம்பி பின்வீட்டுக்கு நடந்து வந்தான். அந்த இருபது அடி நடைக்கே அவனுக்கு மூச்சு வாங்கும். குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு என் கால்களைப் பார்த்தான்.

“எனக்காக வெறுங்காலோட மாதாட்ட நடக்கிறியளாமே அக்கா” என்றான்.

அவன் கோயிலுக்கு வந்தாலும் வெளியில் வேப்பமரத்தின் கீழ் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். பகிடி விடப்போகிறான் என்று நினைத்தேன். அவன் விடவில்லை. எனக்காக ஒருத்தரும் இப்படிச் செய்யேல்லை என்று சொன்னான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் செபமாலையைக் கட்டில் தலைமாட்டில் கொழுவச் சொன்னான். அளந்த தண்ணீருக்கு மேல் கேட்பதை நிறுத்தினான். மெஷினுக்குப் போகும் நாள்களில் தானே எழும்பிச் சவரம் செய்தான். மச்சாளுக்குச் சந்தோசம். நாங்கள் பயந்துகொண்டு மறைத்த நம்பிக்கை வேறொரு வாசலால் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஏழாம் கிழமை முடிவில் வலதுகாலின் அடியில் ஏதோ குத்தியது. போத்தல் ஓடாக இருக்கலாம். இரத்தம் அதிகம் வரவில்லை. ஒரு துணியால் கட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் போனேன், ஏனென்றால் அன்றைக்குப் பையில் ஐந்து மெழுகுதிரி இருந்தது. அடுத்த நாளும் நடந்தேன். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் பாதம் வீங்கி வெள்ளையாகி, காய்ச்சல் வந்தது. கிண்ணியா நானாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், வழியெல்லாம் அல்லாஹ்வே என்று சொல்லிக்கொண்டு. வெட்டிக் கழுவினார்கள். இரத்தத்தில் சீனியும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, அதனால் புண் ஆறச் சுணங்கும் என்றார்கள். மருந்து கட்டுகிற நேர்ஸ், சப்பாத்து இல்லையோ வீட்டில் என்று கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன்.

ஐந்து கிழமை கட்டிலில் இருந்தேன். கால் நிலத்தில் படக்கூடாது. கந்தோரிலிருந்து வந்தவர்கள் பழமும் பிஸ்கற்றும் கொண்டுவந்தார்கள். ரீச்சர் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து, மாதா இந்தக் காலைப் பார்க்காமல் விடமாட்டா என்று சொல்லிவிட்டுப் போனா. நான் சாப்பிட்டேன். சாப்பிடக்கூடாது என்று தெரிந்துதான் சாப்பிட்டேன். படுத்திருக்கிற ஆளுக்கு நாள் போக வேறு வழியில்லை, பயமும் பசியும் எனக்கு ஒரே மாதிரித்தான் வயிற்றைக் கிள்ளும். மச்சாள் கலண்டரில் எழுதியிருந்ததை ஒருநாள் அழித்து விட்டிருந்தாள்.

தம்பி ஒவ்வொரு பின்னேரமும் வந்து என் காலடியில் இருந்தான். தன்னால்தான் இப்படி என்று சொன்னான். இனி நடக்க வேண்டாம், நடந்தவரைக்கும் மாதா கணக்கில் எடுப்பா என்றான். எனக்கு அந்த நேரமெல்லாம் சொல்லிவிட வேண்டும் போல இருக்கும். டேய், மாதாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை, என் உடம்புக்குள் இருக்கிறது உனக்கு, அதை எடுத்துத் தரத்தான் நடந்தேன் என்று. பிறகு எட்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தது ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன்.

கட்டிலால் இறங்கிய பிறகும் வீட்டுக்குள் நொண்டத்தான் முடிந்தது. நாலு மாதம் முடிந்து கண்டிக்குப் போன அன்று, காலைக் காட்டப் போகிறோம் என்று அவனுக்குச் சொன்னோம். தராசில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றினேன், தாலிபோல எப்போதும் கழுத்தில் கிடக்கிற சங்கிலியையும் கழற்றி மச்சாள் கையில் கொடுத்தேன். தொண்ணூற்றொன்று. நேர்ஸ் திரும்பவும் ஏறச் சொன்னாள். திரும்பவும் தொண்ணூற்றொன்று. டொக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, சீனியும் இப்படி இருப்பதால் இப்போதைக்கு ஏலாது, நிறையைக் குறைத்துக்கொண்டு ஆறு மாதத்தால் வாருங்கள், பார்ப்போம் என்றார். மச்சாள் நேர்ஸிடம், என்ர மனுசனுக்கு ஆறு மாதம் இருக்குமோ என்று தமிழில் கேட்டாள். நேர்ஸ் அதை டொக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். தம்பலகாமம் தாண்டிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ரீச்சருக்கு வெட்கப்பட்டோ, மச்சாள், சப்பாத்தைக் கழட்டினனீங்கள்?”

நான் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினேன். அவள் கையிலிருந்த என் சங்கிலியை என் மடியில் வைத்தாள். நல்ல மனுசி, அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, தம்பிக்கும் சொல்லவில்லை. என்னோடு கதைக்கும்போது மட்டும் குரல் ஒரு அளவுக்கு மேல் எழும்புவதில்லை, இன்றைக்கும்.

திரும்ப நடக்கத் தொடங்கினேன், சப்பாத்தோடு, கடற்கரைப் பக்கமாக, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல். கால் நொண்டியது. இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ. அதற்குள் தம்பியின் கையில் மெஷினுக்குப் போட்ட நரம்பு அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் கிருமி பிடித்தது. இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மூன்றாம் மாதம் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரிந்தது.

மச்சாள் சுவாமியாருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் பூசுகிற எண்ணெயோடும் நற்கருணையோடும் காலை பத்து மணிபோல வந்தார். தம்பியை நிமிர்த்தித் தலையணையில் சாய்த்திருந்தோம். சுவாமியார் சிலுவையை எடுக்கும்போது அவன் கையைத் தூக்கித் தடுத்தான்.

“வேண்டாம் சுவாமி. அக்கா வெறுங்காலோட நடந்தவ. கால் பழுதாகுமட்டும் நடந்தவ. அதைப் பார்த்தும் இரங்காத ஆளிட்ட எனக்கு இனி என்ன கதை?”

சுவாமியார் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவன் மனதைத் திருப்புவேன் என்று நினைத்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், மாதாவில் பிழையில்லை என்று அவனுக்கு விளங்கிவிடும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், தனக்கு ஒரு வழி இருந்தது என்றும், அதை அக்கா ஒரு ரீச்சருக்கு முன்னால் வெட்கப்பட்டுக் கழற்றிப் போட்டுவிட்டாள் என்றும் சேர்த்து விளங்கிவிடும். மச்சாள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போர்வையின் விளிம்பைச் சரிசெய்தேன். சுவாமியார் கட்டில் காலடியில் தனியாகச் செபித்துவிட்டுப் போனார்.

நாலு நாள் இருந்தான். தலைமாட்டுச் செபமாலையை எடுத்து அலுமாரிக்குள் வைக்கச் சொன்னான். மச்சாள் அழுது கேட்டும், மாதாவின் படத்தைக் கொண்டுவந்தால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். கடைசிவரை அந்தக் கோபம் அவனைவிட்டுப் போகவில்லை. அவன் கோபித்திருக்க வேண்டியவள் அவன் பக்கத்தில் கட்டிலில் காலை மடித்து இருந்து, அளந்து வைத்த தண்ணீரைக் கரண்டியால் அவன் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். கதைக்க ஏலாமல் போன பிறகும், ஒவ்வொரு கரண்டிக்கும் அவன் கையை நகர்த்தி என் காலைத் தேடித் தடவிப் பார்த்தான், நோகிறதோ என்று.